மேட்டு டவரும் பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்த டவரும்: சாட்ஸ்வொர்த் வீட்டில் வெளி ஆன்டெனா தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் இணைய இணைப்பு பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். 2023-இல் டர்பனின் ஒரு பகுதியான சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வெளி ஆன்டெனா தேர்ந்தெடுத்துப் பொருத்திய விவரத்தை முதலிலிருந்து இங்கே பதிவு செய்கிறேன். இதே சிக்கல் நம்மவர் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி ஆன்டெனா வாங்கிப் பணத்தை இழக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் எடுத்த அளவுகளையும் ஒவ்வொரு முடிவுக்குமான காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

பின்னணி

சாட்ஸ்வொர்த், ஒவ்வொரு இனத்தாரும் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதற்காக 1960-களில் உருவான ஊர். ஏறி இறங்கும் நிலம். சரிவுகளில் வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். பழைய வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இன்னும் அப்படியே இருக்கிறது. ஊரின் தெற்கே ஊம்லாஸ் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அப்பால் உம்லாசி. இந்தியர் ஊருக்கும் கறுப்பின மக்களின் ஊருக்கும் நடுவே ஆற்றையும் வெற்று நிலத்தையும் இடைவெளியாக விட்டுத்தான் அன்றைய அரசு திட்டம் போட்டது. மனிதர்களைப் பிரிக்க விட்ட அந்த வெற்றுப் பள்ளத்தாக்கு இந்த ஆய்வில் முக்கியமான இடத்தில் வருகிறது.

இந்த வீடு தெற்குச் சரிவில், மேட்டிலிருந்து கொஞ்சம் கீழே இருக்கிறது. எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், பேரப்பிள்ளைகளுக்கு ஆயா, அதாவது பாட்டி. அவருடைய மகன் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர். மருமகள் மதுரைப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர். மாலை நேரத்தில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி ஆங்கிலம். ஐந்தாறு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் திரும்பவும் தமிழ் படிக்க உட்காரும்போது, ழ, ல, ள மூன்றையும் வாயசைவைப் பார்த்தும் காதால் கேட்டும்தான் பிடிக்க வேண்டும். பாதிச் சொல்லில் குரல் அறுந்தால் பாடமே இல்லை.

வீட்டுக்கு வந்த பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி பல முறை திருட்டுப் போய், அப்புறம் மறுபடி இழுக்கப்படவே இல்லை. மேல் தெரு வரை ஃபைபர் வந்திருந்தது; இவர்கள் தெருவுக்கு வரவில்லை. ஆகவே கைபேசி டவரிலிருந்து இணையம் வாங்கும் எல்.டி.இ. (4ஜி) ரவுட்டரும் ஒரு மாதத் திட்டமும்தான் வழி.

அவர்கள் என்னிடம் சொன்ன குறை இதுதான்: ரவுட்டரில் நாலு கோடு காட்டுகிறது, படம் பார்த்தால் ஓரளவு ஓடுகிறது, ஆனால் வகுப்பு எடுத்தால் "மேடம், குரல் வரல" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஐஸ்டெட்ஃபாட் என்ற தமிழ்க் கலை, இலக்கியப் போட்டிக்குத் திருக்குறள் ஒப்பிக்கப் பழகும் மாதம் அது. தவறவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

முன்பே வாங்கியிருந்த ஆன்டெனா

நான் போவதற்கு முன்பே ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு வெளி ஆன்டெனா ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். முழங்கை நீளம்கூட இல்லாத வெள்ளைக் குச்சி. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வாங்கி அனுப்பும் வகை. பெட்டியில் 12 டிபிஐ என்று போட்டிருந்தது. ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவித்துக் கூட்டித் தரும் என்பதைச் சொல்லும் அளவு அது. அதிலிருந்து 15 மீட்டர் மெல்லிய கறுப்புக் கேபிள் ஒன்று வந்து ரவுட்டரின் ஒரு துளையில் சொருகியிருந்தது. பக்கத்துத் துளை காலி.

இதில் மூன்று சிக்கல். முதலாவது அந்த எண். எல்லாத் திசைக்கும் வேலை செய்யும் ஆன்டெனா இங்குள்ள டவர் பேசும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 12 டிபிஐ கொடுக்க வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். முழங்கை நீளக் குச்சிக்கு அது முடியாது. இரண்டாவது கேபிள். ஆர்.ஜி. 58 என்ற அந்த வகை மெல்லிய கேபிள், இந்த அலைவரிசையில் மீட்டருக்கு முக்கால் டெசிபெல் அளவுக்கு சிக்னலைத் தின்றுவிடும். 15 மீட்டர் என்றால் 11 டெசிபெல். பெட்டியில் போட்ட எண் உண்மையாகவே இருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவும் கேபிளிலேயே போய்விடும். மூன்றாவது, எல்.டி.இ. ரவுட்டர் ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டெனா வழியாக இரண்டு தனித்தனித் தரவு ஓட்டங்களை வாங்கக் கூடியது. வெளி ஆன்டெனாவுக்கு மாற்றிவிட்டு ஒரு துளையைக் காலியாக விட்டால் அந்த வசதி போச்சு.

கூரை ஓரத்தில் அதன் இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த சாதாரண மின் டேப் வெயிலில் பிரிந்து, பிசின் மட்டும் கையில் ஒட்டியது. உள்ளே பித்தளை பச்சை பூத்திருந்தது. நடுக் கம்பியின் நுனி கறுத்து, கேபிளைச் சாய்த்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. கடல் காற்று வீசும் ஊரில் மூடாத இணைப்புக்குச் சில மாதங்களிலேயே இந்தக் கதிதான்.

கவனித்தவை

ஆன்டெனா பேச்சை எடுப்பதற்கு முன்னால் அளவெடுத்தோம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை போனில் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது டவரிலிருந்து வரும் சிக்னலின் பலம். கழித்தல் குறியோடு வரும். -80 நல்லது, -100 சுமார், -110-க்குக் கீழே போனால் கஷ்டம். எஸ்.ஐ.என்.ஆர். என்பது நமக்கு வேண்டிய சிக்னல் மற்ற இரைச்சலையும் குறுக்கீட்டையும் விட எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. 20-க்கு மேல் மிக நன்று, 13-க்கு மேல் நன்று, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இணைப்பு தத்தளிக்கும். ரவுட்டரும் போனும் காட்டும் கோடுகள் பெரும்பாலும் பலத்தை மட்டும் வைத்தே வருகின்றன. தெளிவு அதில் தெரியாது.

பழைய குச்சியைக் கழற்றிவிட்டு, ரவுட்டரின் உள் ஆன்டெனாவிலேயே, அது வழக்கமாக இருக்கும் லவுஞ்சில் பார்த்தோம். பலம் -93. மோசமில்லை, நாலு கோடு சரிதான். தெளிவு பூஜ்யத்துக்கும் 2-க்கும் நடுவே ஆடியது. பதிவிறக்கம் 9 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்), பதிவேற்றம் 0.6. பதிவிறக்கத்தை மட்டும் பார்க்கிறவர் இந்த இணைப்பு பரவாயில்லை என்பார். வகுப்பெடுப்பவருக்கோ பதிவேற்றம்தான் உயிர். அவர் முகமும் குரலும் போவது அந்த வழியில்தான்.

அதே பக்கத்தில் செல் எண் என்று ஒரு நீளமான எண் இருக்கும். அதை 256-ஆல் வகுத்தால் கிடைக்கும் முழு எண் டவருக்கு உரியது. மீதி வருவது அந்த டவரில் எந்தப் பக்கத்து ஆன்டெனா நமக்குச் சேவை தருகிறது என்பது. அரை மணி நேரம் அதைக் குறித்துக்கொண்டே வந்தோம். முழு எண் மாறவில்லை. மீதி மட்டும் இரண்டு எண்களுக்கு நடுவே மாறி மாறி வந்தது. மேட்டில் இருக்கும் டவரின் இரண்டு முகங்களுக்கு நடுக்கோட்டில், அதுவும் டவரின் காலடியில், இந்த வீடு இருக்கிறது. இரண்டு முகமும் ஒரே அலைவரிசையில் ஏறக்குறைய ஒரே பலத்தில் பேசுகின்றன. ஒன்று மற்றொன்றைக் கலக்குகிறது. ரவுட்டர் இந்த முகத்துக்கும் அந்த முகத்துக்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் குரல் அறுகிறது.

பதிவேற்றம் ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கும் இதில் விடை இருந்தது. ரவுட்டர் எப்போது அனுப்பலாம் என்ற அனுமதியை டவர்தான் கொடுக்கும். அந்த அனுமதி வருவது பதிவிறக்கத் திசையில். அது கலங்கி வந்தால், அனுப்ப வேண்டியதை வைத்துக்கொண்டு ரவுட்டர் காத்திருக்கும்.

மின்வெட்டு காட்டிக் கொடுத்தது

அட்டவணை போட்டுப் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்துவதை இங்கே லோட் ஷெடிங் என்போம். 2023 இந்த நாட்டு லோட் ஷெடிங்கில் மிக மோசமான ஆண்டு. சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் ரவுட்டர் ஓடும்படி குடும்பத்தினர் ஏற்கெனவே செய்திருந்தார்கள். பேச்சுவாக்கில் மருமகள் ஒன்று சொன்னார்: "அண்ணா, கரண்ட் போய் கொஞ்ச நேரம் ஆச்சுன்னா கிளாஸ் நல்லா வருது. கரண்ட் வந்ததும் கெட்டுப் போகுது."

அவருடைய மாமியாரும் அதையே சொன்னார். மகன் மட்டும் நம்பவில்லை. மின்சாரம் போனால் டவரும் படுக்கும், இணைப்பு மோசமாகத்தானே ஆக வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. ஆனால் வருடக்கணக்காக ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் சொல்வதை நான் தள்ளிவிடுவதில்லை. அடுத்த மின்வெட்டில் உட்கார்ந்து அளவெடுத்தோம்.

மின்சாரம் போனதும் முதலில் எந்த மாற்றமும் இல்லை. மேட்டு டவரின் பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் மாறியது. பலம் -104-க்கு இறங்கியது, கோடு இரண்டாகிவிட்டது. தெளிவு 14-க்கு ஏறியது. செல் எண்ணை வகுத்தால் வேறு டவர். பதிவேற்றம் 5 எம்.பி.பி.எஸ்.-ஐத் தாண்டியது. வலைவரைபடத்தில் பார்த்தபோது அந்த டவர் ஊம்லாஸ் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில், உம்லாசி மேட்டில் இருப்பது தெரிந்தது. மூன்று கிலோமீட்டர் போல தூரம். லோட் ஷெடிங் அட்டவணையில் அது வேறு பிளாக், அதாவது வேறு நேரத்தில் மின்சாரம் நிற்கும் பகுதி, அதனால் இங்கே இருட்டும்போது அங்கே மின்சாரம் இருந்தது. நடுவில் ஆறும் புல்லும் மரமும்தான். மறைக்கிற கட்டடம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் சிக்கல் தெளிவாகிவிட்டது. இந்த வீட்டுக்கு சிக்னல் பலம் குறையவில்லை. பக்கத்து டவரின் கலங்கிய சத்தத்தில், தூரத்து டவரின் தெளிந்த குரல் அமுங்கிப் போகிறது. எல்லாத் திசையையும் ஒரே அளவில் கூட்டித் தரும் குச்சி, கலக்கத்தையும் சேர்த்தே கூட்டும். தெற்கே மட்டும் பார்த்து, வடக்கே மேட்டுக்கு முதுகு காட்டும் ஆன்டெனாதான் இங்கே வேண்டியது.

தேர்வும் காரணங்களும்

காசு செலவில்லாத வழியை முதலில் பார்த்தோம். ரவுட்டரை பேட்டரியோடு தெற்குச் சுவரின் வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனோம். வீடே மேட்டு டவரை ஓரளவு மறைத்தது. பலம் -101, தெளிவு 6 முதல் 8 வரை, சில சமயம் மேட்டு டவருக்கே திரும்பத் தாவல். முன்னேற்றம் உண்டு, நம்பி வகுப்பெடுக்கப் போதாது. வேறு நிறுவனங்களின் சிம் போட்ட உறவினர் போன்களிலும் பார்த்தோம். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பூஸ்டர் போடச் சொன்னார். சிக்னலை வாங்கி, பெருக்கி, திரும்பவும் காற்றில் விடுகிற ரிபீட்டரைத்தான் இங்கே பூஸ்டர் என்கிறார்கள். உரிமம் பெற்ற நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசா அனுமதிப்பதில்லை. தவறாகப் போட்ட ஒரு ரிபீட்டர் தெரு முழுவதும் டவரைக் கெடுக்கும். மேலும் நம் சிக்கலே கலக்கம்; கலங்கியதைப் பெருக்கினாலும் கலங்கியதுதான் வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திசை பார்க்கும் ஆன்டெனாக்களில் மூன்றை எடுத்துப் பார்த்தோம். மீன்முள் போலக் குச்சிகள் நீட்டிய யாகி நல்ல பலம் தரும், ஆனால் குறுகிய அலைவரிசைக்குள் மட்டும். அந்த டவர் அப்போது 1800 மெகாஹெர்ட்ஸில் பேசியது. ஆனால் இக்காசா 2022 மார்ச்சில் நடத்திய ஏலத்தில் 700, 800, 2600, 3500 மெகாஹெர்ட்ஸ் வரிசைகள் நிறுவனங்களுக்குப் போயிருந்தன. அவற்றில் 700-ஐயும் 800-ஐயும் பழைய டிவி ஒளிபரப்பு இன்னும் முழுதாகக் காலி செய்திருக்கவில்லை. காலி ஆனதும் அதே டவரில் புதிய வரிசைகள் வரலாம். இன்றைக்கு 1800-க்கு மட்டும் பொருந்தும் யாகியை வாங்கினால் நாளைக்கு அது தடையாகும். யாகி போயிற்று.

அடுத்தது லாக் பீரியாடிக். 700-இலிருந்து 3500-க்கு மேல் வரை ஒரே ஆன்டெனாவில் வரும். முதுகுப் பக்கத்தை நன்றாகவே தள்ளும். தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்றால் இதைத்தான் எடுத்திருப்பேன். மூன்றாவது, இரண்டு ஆன்டெனாக்களை ஒரே தட்டையான பெட்டிக்குள் 45 பாகை இடமும் வலமும் சாய்த்து வைத்த பேனல். டவர்களில் இருப்பவையும் இதே சாய்வில் இருப்பதால் இரண்டு ஓட்டங்களும் தனித்தனியாக வந்து சேரும். லாக் பீரியாடிக்கில் இதே வசதிக்குப் பெரும்பாலும் இரண்டு ஆன்டெனா வாங்கி, சரியான கோணத்தில் சாய்த்துப் பொருத்த வேண்டும். பேனலின் பலம் கொஞ்சம் குறைவு, 9 டிபிஐ அளவு. மூன்று கிலோமீட்டர் திறந்த வெளிக்கு அது தாராளம்.

பேனல் பக்கம் என்னைச் சாய்த்தது இன்னொரு காரணம்: குரங்கு. சில்வர்கிளென் காட்டை ஒட்டியிருக்கிற எந்தத் தெருவிலும் வெர்வெட் குரங்குக் கூட்டம் காலையும் மாலையும் கூரை மேல் போகும். டிவி ஆன்டெனாவின் குச்சிகளில் தொங்கி வளைத்துவிட்டுப் போவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு வாரம் பாடுபட்டுத் திசை பிடித்த ஆன்டெனாவை ஒரு குரங்கு ஒரு நொடியில் திருப்பிவிடும். தட்டையான பேனலில் பிடித்துத் தொங்க இடமில்லை.

வாங்கும்போது விவரத்தாளைக் கேட்டு வாங்கினோம். ஒழுங்கான தயாரிப்பாளர் எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம், முன்னும் பின்னும் எப்படிப் பரவுகிறது என்று வரைபடம் கொடுப்பார். தென்னாப்பிரிக்காவிலேயே ஆன்டெனா செய்யும் போயின்டிங் நிறுவனத்தின் விவரத்தாள்களில் இது இருக்கும். வரைபடம் இல்லாமல் ஒரே ஒரு டிபிஐ எண் மட்டும் இருந்தால் நான் வாங்குவதில்லை. விலை சுமார் 2,000 ரேண்ட். பழைய குச்சியை விட அதிகம்தான், ஆனால் இரண்டு முறை வாங்குவதைவிடக் குறைவு.

கேபிள் பேனலோடு வந்த 5 மீட்டர், இழப்பு குறைந்த வகை. மீட்டருக்கு அரை டெசிபெல் அளவு. நீட்டிப்புக் கேபிள் போட்டு ரவுட்டரை லவுஞ்சிலேயே வைக்கலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்று தெற்குப் படுக்கையறைக்கு ரவுட்டரை மாற்றினோம். வைஃபை சுவரைத் தாண்டி லவுஞ்சுக்குப் போய்விடும். கேபிளில் தொலைத்தது திரும்ப வராது.

மாதத் திட்டத்தின் நிபந்தனைகளையும் படித்துப் பார்த்தோம். வீட்டு எல்.டி.இ. திட்டங்கள் சில ஒரு முகவரிக்கோ பகுதிக்கோ கட்டுப்பட்டவை. வேறு டவருக்குத் திருப்பினால் சேவை நிற்கும் ஆபத்து உண்டு. இவர்களுடையதில் அப்படி இல்லை.

பொருத்திய விதம்

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடவே கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து உயிரைக் குடிக்கும். 2008-இல் இந்த நாடு ஆஸ்பெஸ்டாஸைப் புதிதாகப் பயன்படுத்துவதையே தடை செய்தது. கூரையில் ஏறி நடப்பதும் ஆபத்து, பழைய தகடு காலடியில் உடையும். தென்மேற்கு மூலைச் சுவரில், செங்கல்லில், துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டு பிராக்கெட் வைத்தோம். அதில் ஒரு குழாய் நிறுத்தி, கூரை விளிம்புக்கு மேலே பேனல் வரும்படி ஏற்றினோம். ஏணி வேலைக்குக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இணைப்புகளைக் கையால்தான் இறுக்கினோம். பிளையர் போட்டால் நடு ஊசி சேதமாகும். அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வெயில் படாமலிருக்க அதன் மேல் சாதாரண டேப். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டோம், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கோடையில் இடி மின்னல் அதிகமான பகுதி என்பதால் குழாயை எர்த் செய்வதற்குப் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனை வரவழைத்தோம். கேபிளில் மின்னல் தடுப்பானும் உண்டு. நேரடியாக இடி விழுந்தால் எதுவும் நிற்காது. அதனால் இடி நெருங்கும்போது இரண்டு கேபிள்களையும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

ரவுட்டர் அமைப்பில் ஆன்டெனாவை "வெளி" என்று மாற்றினோம். இதை மறந்து, ஆன்டெனா வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

திசை பிடித்தது

மின்சாரமும் மேட்டு டவரும் இருக்கும் நேரத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். கலக்கம் இருக்கும்போது கிடைக்கும் திசைதான் நிற்கும். நான் ஏணியில், ஆயா ஜன்னலோரம் நாற்காலி போட்டு, போனில் தெளிவு எண்ணைப் படித்தார். தமிழ் எழுத்து வாசிக்க அவருக்கு வராது, எண் சொல்ல வரும். "ஒம்பது... பத்து... ஒம்பது... பதினொண்ணு." ஒவ்வொரு சின்னத் திருப்பத்துக்கும் பின் ஒரு நிமிடம் பொறுத்தோம். எண் உடனே நிலைக்காது. அவசரப்பட்டால் தவறான இடத்தில் நிறுத்துவோம்.

டவரை நேராகப் பார்த்த நிலையில் தெளிவு 13 வந்தது. இன்னும் கொஞ்சம், பத்துப் பதினைந்து பாகை மேற்கே திருப்பியதும் 17. பலம் மாறவே இல்லை. பேனல் முன்பக்கம் 60, 70 பாகை அகலத்துக்குப் பார்ப்பதால் டவர் இன்னும் அதன் பார்வைக்குள்தான் இருந்தது. மேட்டு டவரோ பேனலின் காது கேட்காத பக்கத்துக்குப் போய்விட்டது. வேண்டியதை நோக்கித் திருப்புவதைவிட, வேண்டாததை ஒதுக்கித் திருப்புவதில் அதிகம் கிடைத்தது. கோடுகளையோ பலத்தையோ மட்டும் பார்த்திருந்தால் இந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கேயே கிளாம்பை இறுக்கி, குழாயில் நிரந்தர மையால் ஒரு கோடு போட்டோம். பின்னால் அசைந்தால் தெரியும்.

விளைவு

பலம் -94, தெளிவு 16 முதல் 18, பதிவிறக்கம் 35, பதிவேற்றம் 10 முதல் 12 எம்.பி.பி.எஸ். பலத்தைப் பாருங்கள்: லவுஞ்சில் முதல் நாள் இருந்த -93-ஐ விட ஒரு படி குறைவுதான். கோடும் கூடவில்லை. செல் எண் மட்டும் மணிக்கணக்கில் மாறாமல் நின்றது.

அன்று மாலை வகுப்பில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறுமி ஒருத்தி "எழுத்தெல்லாம்" என்று சொல்லச் சொல்ல, ஆசிரியை நாக்கின் மடிப்பைக் காட்டித் திருத்தினார். நான் அறைக்கு வெளியே நின்று கேட்டேன். ஒரு முறைகூட அறவில்லை. இத்தனை கேபிளும் போல்ட்டும் அந்த ஒரு எழுத்து சரியாகப் போய்ச் சேரத்தான் என்று தோன்றியது. இந்த வேலையில் அதைவிட மனநிறைவு எனக்குக் கிடைத்ததில்லை.

தீராததும் உண்டு. இரவு 7 முதல் 9 வரை டவரில் கூட்டம் சேரும்போது பதிவிறக்கம் 12-க்கும், பதிவேற்றம் 6-க்கும் இறங்குகிறது. ஒரே டவரை எல்லோரும் பங்கு போடுவதற்கு ஆன்டெனாவால் எதுவும் செய்ய முடியாது. 6 வகுப்புக்குப் போதும். மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) படிக்கும் பேரனின் பெரிய பதிவிறக்கங்களை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். உம்லாசிப் பக்கம் மின்வெட்டாகும் நேரத்தில் இணைப்பு சில சமயம் மேட்டு டவருக்குத் திரும்பி மோசமாகும். அந்த நேரங்களை அட்டவணையில் பார்த்து வகுப்பைத் தள்ளி வைத்தார்கள்.

2024 மார்ச் 26-க்குப் பிறகு லோட் ஷெடிங் நீண்ட காலம் நின்றது. மேட்டு டவர் நாள் முழுதும் ஓடியது. பழைய நிலையாக இருந்தால் இந்த வீட்டுக்கு மின்வெட்டு தந்த நல்ல நேரமும் போயிருக்கும். திரும்பப் போய் அளவெடுத்தேன். தெளிவு 16-க்குக் கீழே இறங்கவில்லை. ரப்பர் டேப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்ததில் உள்ளே பித்தளை பளிச்சென்று இருந்தது. குழாயில் போட்ட கோடும் நகரவில்லை.

அடுத்த வீட்டில் மாற்றிச் செய்யவிருப்பவை

ரவுட்டரும் பேனலும் ஒரே பெட்டிக்குள் வரும் வெளி ரவுட்டரை முதல் தேர்வாக வைப்பேன். சிக்னல் கேபிளே கிடையாது. வீட்டுக்குள் வருவது தரவும் மின்சாரமும் சேர்ந்து போகும் ஒரு நெட்வொர்க் கேபிள் மட்டும், அது நீளமாக இருந்தாலும் சிக்னல் தொலையாது. இந்தக் குடும்பத்தில் நல்ல ரவுட்டர் ஏற்கெனவே இருந்ததால் தனி பேனல் சரியாக இருந்தது. புதிதாக எல்லாம் வாங்குகிறவர் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அளவெடுப்பதை ஒரே நேரத்தில் முடிக்காமல், மின்சாரம் உள்ளபோதும் இல்லாதபோதும், பகலிலும் இரவு 8 மணிக்கும் எடுத்து, செல் எண்ணோடு ஒரு தாளில் எழுதச் சொல்வேன். இதைக் குடும்பத்தாரே செய்யலாம், தனிக் கருவி எதுவும் வேண்டாம். இந்த வீட்டில் மருமகள் கவனித்துச் சொன்னதுதான் வழியைத் திறந்தது. இப்போது யார் கூப்பிட்டாலும் போனிலேயே முதலில் கேட்பது: எந்த நேரத்தில் நன்றாக வருகிறது, எந்த நேரத்தில் கெடுகிறது, அந்த நேரத்தில் வீட்டிலும் தெருவிலும் வேறு என்ன மாறுகிறது.

கடையில் ஆன்டெனா வாங்குவதற்கு முன், திருப்பித் தரும் உரிமையை ரசீதில் எழுதி வாங்கச் சொல்வேன். இவர்கள் வாங்கிய குச்சியைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஃபைபர் கீழ்த் தெருவுக்கு வரும் நாளில் இவர்கள் அதற்கு மாறுவார்கள், மாறவும் வேண்டும்; பேனலையும் ரவுட்டரையும் கழற்றாமல், ஃபைபர் அறும் நாட்களுக்காக முன்கட்டண சிம்மோடு அப்படியே வைத்திருக்கப் போவதாக மகன் சொல்லியிருக்கிறார்.